புது வருடத்துக்கு வீட்டு இலக்கும் தொழில் இலக்கும்: சிறுதொழில் செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேற்கு மாம்பலத்தில் தையல் கடை நடத்துகிறேன். ஒவ்வொரு டிசம்பர் கடைசி வாரமும் எங்கள் தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் தொழில் செய்யும் ஏழெட்டுப் பேர் அடுத்த வருட இலக்கை எழுத என் கடை மாடியில் நோட்டோடு உட்காருவோம். பியூட்டி பார்லர் வைத்திருப்பவர், மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பவர், டியூஷன் எடுப்பவர், இட்லி மாவு அரைத்து விற்பவர் என்று எல்லாம் சின்னத் தொழில்கள்தான்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். "இந்த வருடம் வியாபாரத்தை இரண்டு மடங்கு ஆக்கணும்" என்று முதல் வரியில் எழுதிவிடுவார்கள். வீட்டைப் பற்றிய நினைப்பு ஐந்தாவது வரியில்தான் வரும். இந்த வரிசை தலைகீழ். வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தால்தான் கடை எவ்வளவு சம்பாதிக்க வேண்டும் என்று தெரியும். அது தெரிந்தால்தான் நாளைக்குக் காலையில் கடை திறந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. இடையில் ஒன்றைத் தாண்டிப் போனால் அடுத்ததில் மாட்டிக்கொள்வீர்கள்.

உதாரணத்துக்கு ஒரு தையல் கடைக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் தொழில் வேறாக இருந்தால் ஜாக்கெட் என்று வரும் இடத்தில் ஒரு சாப்பாடு, ஒரு ஃபேஷியல், ஒரு கிலோ மாவு என்று வைத்துப் படியுங்கள்.

உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பன்னிரண்டு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட் அல்லது வரவு ஏற்றிய பாஸ்புக். ஜிபே, போன்பே வரவுகள் பல பேருக்கு வேறொரு கணக்கில் விழும். அந்தக் கணக்கின் ஸ்டேட்மெண்டும் வேண்டும். அப்புறம் ஆர்டர் நோட்டு, பாக்கி நோட்டு, நகைக் கடன் ரசீது, சீட்டு கட்டுகிற அட்டை, வாடகை ஒப்பந்தம். வரப்போகும் வருடத்தின் தினசரி காலண்டர் கட்டாயம் வேண்டும். முகூர்த்த நாளும் விடுமுறையும் அதில்தான் ஒரே இடத்தில் இருக்கும்.

நேரமும் ஒதுக்க வேண்டும். இரண்டு சாயங்காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரே உட்காரலில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதல் நாள் கணக்கைப் பார்த்த பிறகு ஒரு இரவு தூங்கி எழுந்தால்தான், விட்டுப்போன செலவுகள் ஞாபகத்துக்கு வரும்.

1. எந்த வருடம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நமக்கு மூன்று புது வருடங்கள். ஜனவரி 1, சித்திரை 1, வரிக் கணக்குக்கு ஏப்ரல் 1. ஜனவரியில் இலக்கு எழுதுபவர் பிப்ரவரியில் ஆடிட்டரிடம் போனதும் குழம்பிப் போகிறார். அவர் கேட்பது போன ஏப்ரலிலிருந்து உள்ள கணக்கு, இவர் எழுதி வைத்திருப்பது இந்த ஜனவரியிலிருந்து உள்ள கணக்கு.

நான் செய்வது இது. ஜனவரியில் எழுதுகிறேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் சோதனை. எழுதிய எண் சரிதானா, எடுத்துக்கொண்ட வேலை உடம்புக்குத் தாங்குகிறதா என்று பார்ப்பேன். ஏப்ரல் 1 அன்று எண்ணைத் திருத்தி, அதிலிருந்து அடுத்த மார்ச் 31 வரைக்கும் அதை வைத்துத்தான் ஓட்டுவேன். இடையில் மாற்றலாம் என்று நான் வைத்திருக்கும் நாட்களைப் பன்னிரண்டாவது படியில் சொல்கிறேன். வரிக் கணக்கும் இலக்குக் கணக்கும் ஒரே நோட்டில் ஓடுவதால் வேலை பாதியாகிறது. ஜனவரியில் எழுதியது தப்பாகப் போனாலும் அதைத் தோல்வி என்று நினைத்து விட்டுவிட வேண்டியதில்லை.

2. போன வருடத்தை மூன்று பக்கத்தில் எழுதுங்கள்

முதல் பக்கத்தில் மாதவாரியாக வரவு. இரண்டாவது பக்கத்தில் மாதவாரியாகக் கடைச் செலவு. மூன்றாவது பக்கத்தில் நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போன பணம்.

மூன்றாவது பக்கம்தான் கஷ்டம். அநேகமாக யாரிடமும் அது இருக்காது. கல்லாவிலிருந்து காய்கறிக்கு 300, பையனுக்கு 500 என்று எடுத்தது எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. அப்படியானால் வீட்டுச் செலவை ஞாபகத்திலிருந்து எழுதி, அதில் மற்றவர்கள் சம்பளத்திலிருந்து வந்ததைக் கழியுங்கள். மீதி நீங்கள் எடுத்தது. தோராயமாக இருந்தாலும் பரவாயில்லை, வெற்றுப் பக்கமாக மட்டும் விடாதீர்கள்.

இங்கே இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். ஒன்று, அட்வான்ஸ் பணத்தை வரவில் சேர்ப்பது. தை முகூர்த்தத்துக்காக மார்கழியில் வாங்கிய அட்வான்ஸ் இன்னும் நம்முடையது இல்லை, துணி தைத்துக் கொடுத்தால்தான் நம்முடையது. அதைச் சேர்த்தால் டிசம்பர் நல்ல மாதம் போலவும் ஜனவரி மோசமான மாதம் போலவும் தெரியும். இரண்டாவது, மின்கட்டணம். நமக்கு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அதை அப்படியே ஒரு மாதத்தில் எழுதினால் அந்த மாதம் நஷ்டம் போலிருக்கும். பாதியாகப் பிரித்து எழுதுங்கள்.

மூன்று பக்கமும் முடிந்ததும் நல்ல மூன்று மாதத்தையும் மோசமான மூன்று மாதத்தையும் வட்டம் போட்டு, பக்கத்தில் காரணம் எழுதுங்கள். "மழை", "மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டார்", "ரோட்டைத் தோண்டிப் போட்டார்கள்" என்று ஒரு வரி போதும். ஏழாவது படியில் இந்த வரிகள் தேவைப்படும்.

3. வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் பிரியுங்கள்

இலக்கு எழுதுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ஒரே பையிலிருந்து இரண்டுக்கும் எடுத்தால், கடை நன்றாகப் போகிறதா, வீட்டில் செலவு குறைந்ததா என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. இலக்கை அளக்க முடியாது.

வங்கியில் கடைக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையில் வரும் பணம் அந்தக் கணக்கில் மட்டும் விழ வேண்டும். வீட்டுக்கு மாதத்தில் இரண்டே நாள், 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும், நிர்ணயித்த தொகையை மாற்றுங்கள். அதை உங்கள் சம்பளம் என்று நோட்டில் எழுதுங்கள். நடுவில் அவசரமாக எடுத்தால் எடுக்கலாம், ஆனால் அடுத்த தவணையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

முதல் மாதம் இது மூச்சு முட்டும். ரொக்கம் கையில் இருக்கும்போது எடுக்காமல் இருப்பது பழகாத வேலை. இரண்டாவது மாதத்திலிருந்து பழகிவிடும். இந்தப் படியைத் தாண்டிப்போனவர்கள் யாரும் மார்ச் வரைக்கும் தாக்குப்பிடித்து நான் பார்த்ததில்லை.

4. வீட்டு இலக்கை வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள்

தனியாக எழுதிய வீட்டு இலக்கு நிற்காது. வீட்டுக்காரரோ மனைவியோ, பெரிய பிள்ளைகளோ, செலவிலும் நேரத்திலும் பங்கு உள்ள எல்லோரும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். "இந்த வருடம் என்ன வாங்கலாம்" என்று பேச்சைத் தொடங்காதீர்கள், பட்டியல் நீண்டுகொண்டே போகும். "இந்த வருடம் எதை நினைத்தால் பயமாக இருக்கிறது" என்று கேளுங்கள். பள்ளிக் கட்டணம், மாமியாரின் கண் ஆபரேஷன், அடகில் இருக்கும் வளையல் என்று உண்மையான விஷயங்கள் வெளியே வரும்.

வந்ததை மூன்றாகப் பிரியுங்கள்: பணம், உடம்பு, நேரம்.

பணத்துக்கு ஒவ்வொன்றுக்கும் தொகையும் தேதியும் வேண்டும். "கொஞ்சம் சேமிக்கணும்" என்பது இலக்கு ஆகாது. "செப்டம்பர் கடைசிக்குள் 45,000 அவசரப் பணம்" என்பது இலக்கு. செப்டம்பர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கடைகள் நாள்கணக்கில் திறக்க முடியாமல் கிடந்தன. என் கடைக்குள்ளும் 2023இல் தண்ணீர் வந்தது. வியாபாரம் நின்ற அந்த நாட்களில் கையிருப்பு இருந்தவர்கள் தண்டலுக்கு (தினசரி வசூல் கடனுக்கு) போகவில்லை.

உடம்பை எழுத மறக்காதீர்கள். சின்னத் தொழிலில் நம் உடம்புதான் முதல் மெஷின். தையல்காரர்களுக்குக் கண்ணும் முதுகும், பார்லர்காரர்களுக்குக் காலும், சமைப்பவர்களுக்குக் கையும் போகும். வருடத்துக்கு ஒரு கண் பரிசோதனை, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று தேதி போட்டு எழுதுங்கள். நடப்பது என்றால் எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். நான் "நடேசன் பூங்கா, காலை 6, வாரத்தில் நான்கு நாள்" என்று எழுதியிருக்கிறேன். "தினமும் நடைப்பயிற்சி" என்று எழுதிய வருடங்களில் ஒரு மாதத்துக்கு மேல் போனதில்லை. ஒரு நாள் தவறினாலே இலக்கு உடைந்த மாதிரி ஆகிவிடும்.

நேரம் என்பது கடை இல்லாத நேரம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் மார்ச் மாதம் சாயங்காலம் வீட்டில் இருக்க வேண்டும் என்பதை இப்போதே எழுதுங்கள். கடை இலக்கு போடும்போது அந்த நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

5. வீட்டுத் தொகையிலிருந்து கடை இலக்கைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான படி இதுதான், நிதானமாகப் போங்கள்.

உதாரணக் கணக்கு. வாடகை, மளிகை, பெட்ரோல் எல்லாம் சேர்த்து வீட்டுச் செலவு மாதம் 38,000. பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு 60,000, அதாவது மாதம் 5,000. காப்பீடும் மருத்துவமும் வருடத்துக்கு 24,000, மாதம் 2,000. அவசரப் பணத்துக்கு மாதம் 5,000. மொத்தம் 50,000. வீட்டுக்காரர் சம்பளத்திலிருந்து 22,000 வருகிறது. மீதி 28,000 கடை தர வேண்டும்.

இப்போது கடையின் நிலையான செலவு. வாடகை 12,000, மின்கட்டணம் 3,000, உதவிப் பெண்ணின் சம்பளம் 15,000, பழுது, போன், ஆட்டோ 2,000, மெஷின் கடன் தவணை 4,000. மொத்தம் 36,000. இதோடு வீட்டுத் தொகை 28,000 சேர்த்தால் 64,000. ஒரு ஜாக்கெட்கூடத் தைக்காவிட்டாலும் ஒவ்வொரு மாதமும் இந்தப் பணம் தேவை.

அடுத்து ஒரு ஜாக்கெட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். சராசரிக் கூலி 650. டெய்லருக்குப் பீஸ் ரேட் 200, லைனிங் 90, நூல், ஹூக், கவர், திரும்பத் திருத்தும் செலவு 40. ஆக 330 போய், 320 மிஞ்சும். 64,000ஐ 320ஆல் வகுத்தால் 200. மாதம் 200 ஜாக்கெட். 25 வேலை நாள் என்றால் ஒரு நாளைக்கு 8.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் நோட்டை மூடிவிட்டு "சரி, 200 ஜாக்கெட் தைச்சிடலாம்" என்று எழுந்துவிடுகிறார்கள். எழுந்துவிடாதீர்கள். இரண்டு கேள்வி பாக்கி இருக்கிறது.

முதல் கேள்வி, முடியுமா? இந்தக் கடையில் இரண்டு டெய்லர்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 4. ஆக 8 என்பது முழுக் கொள்ளளவு. ஒருவருக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தால் இலக்கு போய்விடும். முழுக் கொள்ளளவில் வைத்த இலக்கு முதல் மாதமே உடையும்.

இரண்டாவது கேள்வி, எண்ணிக்கைதான் வழியா? போன வருடம் சராசரி மாதம் 165. இன்னும் 35 ஆர்டர் பிடிக்க வேண்டும். ஆனால் கூலியை 50 ஏற்றி 700 ஆக்கினால் ஒரு ஜாக்கெட்டில் 370 மிஞ்சும். அப்போது தேவை 173 தான். வித்தியாசம் மாதம் 8 ஆர்டர். 35 புது ஆர்டர் தேடுவதும் 8 தேடுவதும் ஒன்றா?

"ஏற்றினால் வாடிக்கையாளர் போய்விடுவார்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். அதையும் கணக்குப் போட்டே பாருங்கள். பழைய விலையில் 165 ஜாக்கெட்டுக்கு மிஞ்சியது 52,800. புது விலையில் 143 ஜாக்கெட் தைத்தாலே 52,910 மிஞ்சும். மாதம் 22 ஆர்டர் போனாலும் பழைய நிலைமைக்குக் கீழே போகமாட்டோம், வேலையும் குறையும். என் அனுபவத்தில் சொன்ன தேதிக்குக் கொடுக்கிற கடையை விட்டு 50 ரூபாய்க்காக யாரும் கூட்டமாகப் போவதில்லை. தேதி தவறுகிற கடையை விட்டுப் போகிறார்கள்.

ஆனால் ஏற்றும் நேரம் முக்கியம். முகூர்த்த ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஏற்றாதீர்கள். தை பிறந்ததும் புது ஆர்டருக்கு மட்டும் புது விலை என்று ஒரு மாதம் முன்பே அட்டை எழுதி மாட்டுங்கள்.

இந்த எண்ணை வைத்து வரி எல்லையையும் பார்த்துவிடுங்கள். 173 ஜாக்கெட், 700 ரூபாய் என்றால் வருடத்துக்குச் சுமார் 14.5 லட்சம். தையல் என்பது சேவைத் தொழில். சேவைத் தொழிலுக்கு வருட விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவை. பொருள் மட்டும் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் அந்த எல்லை 40 லட்சம். உங்கள் புது இலக்கு அந்த எல்லையைத் தொட்டால், பதிவும் மாதாந்தரக் கணக்கு வேலையும் சேர்ந்துதான் வரும். அதற்கான செலவையும் இலக்கிலேயே சேருங்கள்.

6. ஐந்துக்கு மேல் வைக்காதீர்கள்

இதுவரை எழுதியதில் இருபது விஷயமாவது சேர்ந்திருக்கும். தொழிலுக்கு மூன்று, வீட்டுக்கு இரண்டு என்று வெட்டுங்கள். மீதியைக் கடைசிப் பக்கத்தில் "அப்புறம்" என்று தலைப்புப் போட்டு எழுதி வையுங்கள், கிழித்துப் போட வேண்டாம்.

எதை வைப்பது, எதை வெட்டுவது? எது நடந்தால் மற்றவை சுலபமாகுமோ அதை வையுங்கள். 36 சதவீத வட்டியில் ஓடும் ஒரு கடனை அடைப்பது, புது மெஷின் வாங்குவதற்கு முன்னால் வர வேண்டும். ஒவ்வொரு மாதமும் வட்டியாகப் போகிற பணம்தான் மெஷினுக்கு வேண்டிய பணம்.

இன்ஸ்டாகிராம் பக்கம், ஆரி வேலை வகுப்பு, இரண்டாவது கிளை மூன்றையும் ஒரே வருடத்தில் வைப்பது புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பேராசை. ஒன்றை எடுங்கள். கிளை என்றால் அந்த வருடத்தில் வேறு தொழில் இலக்கே வேண்டாம்.

7. இலக்கை நீங்கள் செய்யக்கூடிய வேலையாக மாற்றுங்கள்

"மாதம் 173 ஜாக்கெட்" என்பது வாடிக்கையாளர் கையில் இருக்கிறது. நீங்கள் நேரடியாகச் செய்ய முடிந்தது எதுவோ அதைத்தான் வாரத் திட்டத்தில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் வராத வாரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் கவலைப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்போம்.

இரண்டாவது படியில் மோசமான மாதங்களுக்கு எழுதிய காரணங்களை இப்போது எடுங்கள். "மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டார்" என்று இருந்தால், வேலை இது: பிப்ரவரிக்குள் பீஸ் ரேட்டில் வரக்கூடிய இன்னொரு டெய்லரிடம் பேசி வைப்பது. "டெலிவரி தாமதம்" என்று இருந்தால்: முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்னால் என்று ஆர்டர் நோட்டில் நாமே ஒரு தேதி போட்டுக்கொள்வது. ஆர்டர் குறைவு என்றால்: ஒவ்வொரு புதன்கிழமையும், ஆறு மாதமாக வராத பத்து வாடிக்கையாளர்களுக்கு "உங்கள் அளவு எங்களிடம் இருக்கிறது" என்று வாட்ஸ்அப் அனுப்புவது.

பாக்கி வசூலும் அப்படித்தான். "பாக்கியை வசூலிக்கணும்" என்று எழுதினால் வசூல் ஆகாது. "வெள்ளி காலை 11 மணிக்கு மூன்று போன்" என்று எழுதுங்கள். பொட்டிக்குகளுக்கோ கம்பெனிகளுக்கோ தைத்துக் கொடுப்பவர்கள், சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். அரசு இணையதளத்தில் அது இலவசம், யாருக்கும் பணம் தர வேண்டாம். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தி மற்றும் சேவைத் தொழில்களுக்கு, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் வருடச் சட்டம். பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போட்டாலே பேச்சு மாறுகிறது.

8. சென்னைக் காலண்டரில் பரப்புங்கள்

வருட இலக்கைப் பன்னிரண்டால் வகுப்பது பெரிய தவறு. நம் ஊரில் எந்த இரண்டு மாதமும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

தினசரி காலண்டரைத் திறந்து முகூர்த்த நாட்களை முதலில் குறியுங்கள். தை தொடங்கி முகூர்த்தங்கள் வரும். வைகாசியில் கல்யாணம் நெருக்கமாக இருக்கும், அதே சமயம் ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறப்பதால் வீட்டிலும் பெரிய செலவு. ஆடியில் கல்யாணம் இல்லை. ரங்கநாதன் தெருவில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம் நெரியும், அங்கே எடுத்த துணி நம்மிடம் தைக்க வருவது கொஞ்சம் தள்ளித்தான். ஆவணியில் மறுபடி முகூர்த்தம். புரட்டாசியில் கல்யாணம் குறைவு, ஆனால் நவராத்திரிக் கொலு வரும். அப்புறம் தீபாவளி. கார்த்திகையில், மார்கழிக் கச்சேரிகள் நடக்கும் சபா சீசனுக்காகப் பட்டு ஜாக்கெட் ஆர்டர் மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் வரும். மார்கழியில் முகூர்த்தம் இல்லை. பொங்கலுக்கு ஊரே காலியாகும்.

உதாரணத்தில் வருடத்துக்கு 2,076 ஜாக்கெட். பொங்கல், தீபாவளி என்று இரண்டு வாரம் மூடினால் 50 வாரம். சராசரி 42 என்று வைக்காமல், சீசன் 26 வாரத்துக்கு 48, மந்தமான 24 வாரத்துக்கு 35 என்று வையுங்கள். கூட்டினால் 2,088. மந்தமான வாரத்தில் 35 வந்தாலே மனசு நிம்மதியாக இருக்கும். சீசனில் 48 என்பது முழுக் கொள்ளளவு என்பதால் மூன்றாவது டெய்லர் எந்த வாரங்களில் தேவை என்பதும் தெரிந்துவிடும்.

ஓய்வையும் பழுது பார்ப்பதையும் ஆடியிலும் மார்கழியிலும் வையுங்கள். கண் பரிசோதனையை வைகாசியில் போட்டால் போக மாட்டீர்கள். செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாள் மழைக்கு ஒதுக்குங்கள். மோட்டாரையும் துணி மூட்டைகளையும் இடுப்பு உயரத்துக்கு மேல் ஏற்றுவது, அளவு நோட்டைப் போட்டோ எடுத்து வைப்பது, வாசல் கால்வாயைச் சுத்தம் செய்வது.

9. கட்ட வேண்டிய தேதிகளைச் சிவப்பில் எழுதுங்கள்

இதில் யோசிக்க ஒன்றுமில்லை, காலண்டரில் ஏற்றினால் போதும். ஜிஎஸ்டியில் மாதக் கணக்கு தருபவர்களுக்கு 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும். பிஎஃப், இஎஸ்ஐ இருந்தால் 15. முன்கூட்டிக் கட்டும் வருமான வரி ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாக வைக்கும் உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்கு மார்ச் 15 ஒரே தவணை. மாநகராட்சிச் சொத்து வரியும் தொழில் வரியும் அரையாண்டுக்கு ஒருமுறை. மாநகராட்சி உரிமம், உணவுத் தொழில் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) பதிவு அல்லது உரிமம், இவற்றில் முடியும் தேதி போட்டிருந்தால் ஒரு மாதம் முன்னால் குறியுங்கள்.

ஒவ்வொரு தேதிக்கும் பத்து நாள் முன்னால் "பணம் ஒதுக்கு" என்று இன்னொரு குறி போடுங்கள். தேதி ஞாபகம் இருந்தும் பணம் இல்லாமல் அபராதம் கட்டுவது அதிகம்.

10. எல்லாவற்றையும் ஒரே தாளுக்குக் கொண்டுவாருங்கள்

ஒரு முழு வெள்ளைத் தாள். மேலே ஐந்து இலக்கு, தொகையும் தேதியும் சேர்த்து. நடுவில் வாரம் செய்ய வேண்டிய நான்கு வேலை. கீழே 50 கட்டம், ஒவ்வொரு வாரத்துக்கும் ஒன்று. கட்டிங் டேபிளுக்கு எதிரில் ஒட்டுங்கள். போனில் வைத்தால் திறக்க மாட்டோம்.

வீட்டுத் தொகையும் கடன் தொகையும் கடைச் சுவரில் வேண்டாம். வேலைக்கு வருபவர்களும் வாடிக்கையாளர்களும் பார்ப்பார்கள். அவற்றுக்கு 1, 2 என்று எண் மட்டும் போட்டு, விவரத்தை நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு இருப்பவர்களிடம் வார எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். 48 எதற்கு என்று தெரிந்த டெய்லர் லீவு கேட்கும்போது வாரம் பார்த்துக் கேட்கிறார்.

11. சனிக்கிழமை இருபது நிமிடம்

கடை மூடிய பிறகு கல்லாவை எண்ணும்போதே இதையும் செய்துவிடுங்கள். தனியாக ஒரு நேரம் வைத்தால் தள்ளிப்போகும். இந்த வாரம் எத்தனை முடிந்தது? நான்கு வேலையில் எதைச் செய்யவில்லை? ஏன்? அடுத்த வாரம் என்ன முகூர்த்தம், என்ன தேதி? கட்டத்தில் எண்ணை எழுதி, வேலை முழுவதும் செய்திருந்தால் பச்சை, இல்லாவிட்டால் வெறும் எண்.

எண் குறைந்து பச்சை இருந்தால் கவலை வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறீர்கள். எண் நன்றாக இருந்து பச்சை இல்லாவிட்டால்தான் கவனிக்க வேண்டும். அது சீசன் கொடுத்த ஆர்டர், சீசன் போனதும் போய்விடும்.

மாதக் கடைசியில் ஒரு மணி நேரம் வீட்டோடு உட்காருங்கள். அவசரப் பணம் எவ்வளவு ஏறியது, உடம்புக்கும் நேரத்துக்கும் எழுதியது நடந்ததா என்று பிள்ளைகள் முன்னாலேயே பாருங்கள்.

12. எப்போது இலக்கை மாற்றலாம்

மூன்று வாரம் தொடர்ந்து எண் குறைந்தால் தாளில் எழுதிய வார வேலையை மாற்றுங்கள், எண்ணை மாற்றாதீர்கள். வாட்ஸ்அப் செய்திக்குப் பதில் இல்லையா, போன் செய்து பாருங்கள். எண்ணை உடனே குறைத்துவிட்டால் எது பலிக்கவில்லை என்று கடைசி வரை தெரியாது.

எண்ணை மாற்ற மூன்று நாள் வைத்திருக்கிறேன்: ஏப்ரல் 1, ஆடி முதல் வாரம், தீபாவளிக்கு அடுத்த வாரம். கடையில் கூட்டம் குறைந்து யோசிக்க நேரம் கிடைப்பது ஆடியிலும் தீபாவளி முடிந்த பிறகும்தான். இடையில் வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனாலோ, கடையைக் காலி செய்யச் சொன்னாலோ இந்தத் தேதிகளுக்குக் காத்திருக்க வேண்டாம். ஐந்தாவது படிக்குத் திரும்பிப் போய் வீட்டுத் தொகையிலிருந்து மறுபடி கணக்குப் போடுங்கள். பழைய தாளின் மேல் அடித்துத் திருத்தாமல் புதுத் தாள் எழுதி, பழையதைப் பின்னால் பின் செய்து வையுங்கள்.

வருடம் முடிந்ததும் அந்தத் தாள்களையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் மூன்று பக்கக் கணக்கையும் ஒரே கவரில் போட்டு, மேலே வருடத்தை எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த டிசம்பரில் இரண்டாவது படிக்கு ஒரு சாயங்காலம் முழுக்கத் தேவைப்படாது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.